மேல்சாமக்காட்டு இறக்கம்

அத்தியாயம் பதினான்கு

பகலவனுக்கு ஒரு நம்பிக்கை. சண்டைக்காரர்கள் இரண்டு பேரை ஒரே வேனில் ஏற்றிவிட்டால், ஊர் போய்ச் சேர்வதற்குள் சமாதானமாகிவிடுவார்களாம். இதை அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. எர்ணாவூரிலிருந்து ஜவ்வாது மலை மேல்சாமக்காடு வரை அவன் அப்பா அசோகன் முன் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அவன் மனைவி மாயா கடைசி சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, தூங்காமல் வந்தாள். நடுவில் உட்கார்ந்த பகலவன் மட்டும் குறட்டை விட்டான்.

"அந்த சைக்கிள் மேல ஏறினன்னா, அப்பால என் வூட்டுப் படி ஏறாத" என்று அசோகன் கத்தியதையும், "சரி மாமா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மாயா பையைக் கட்டப் போனதையும் போன வாரம் பார்த்தோம். அந்தக் கோபம் அப்படியே வேனில் ஏறி மலைக்கும் வந்துவிட்டது.

மாயா வியாசர்பாடிப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் மாவட்ட அளவில் சைக்கிள் ரேஸ் ஜெயித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக, ஜன்னல் இல்லாத ஒரு ஷெட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள். அந்த ஷெட்டைவிட்டு வெளியே வர அவளுக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. ராயபுரம் பிராங்கிளின், சனி ஞாயிறுகளில் பட்டணத்துக்காரர்களை மலைக் கிராமங்களுக்கு அழைத்துப் போய் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடுகிற தொழில் செய்கிறார். முன்னால் ஓட்டி வழி காட்ட அவருக்கு ஆள் வேண்டும்.

"இந்த டிரிப்ல உன்னப் பாக்கறேன். ஒழுங்கா கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வந்துட்டா வேலை உனக்கு" என்று சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி காஜா.

அசோகனுக்கு இதில் சம்மதமே இல்லை. துறைமுகத்தில் கிரேன்களுக்கு எண்ணெயும் கிரீஸும் போட்டே ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவர். "கல்யாணமான பொண்ணு, ஊரு பேரு தெரியாதவனுங்கள இஸ்துகினு காட்டுல சுத்துறது ஒரு வேலையா?" என்பது அவர் கட்சி. வரமாட்டேன் என்றவரை, "மலைக் காத்து வாங்கிகினு வரலாம் வா நைனா" என்று கெஞ்சி ஏற்றியவன் பகலவன்தான். வீட்டில் மிச்சம் இருந்தது அசோகனின் பெண் மகிழினி. திருவொற்றியூரில் மருந்துக் கடையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அந்த வீட்டில் அசோகன் குரலை இறக்கிப் பேசுகிற ஒரே ஆள் அவள்.

மேல்சாமக்காட்டில் விடியும்போதே குளிர் காதைக் கடித்தது. தங்குகிற வீட்டின் வாசலில் எல்லோருக்கும் டீ வந்தது. கம்பெனி சைக்கிள்கள் முதல் நாளே லாரியில் வந்து வரிசையாக நின்றன. மாயாவின் சொந்த சைக்கிளை வேன் கூரையிலிருந்து டிரைவர் இறக்கி ஓரமாகச் சாத்தினார்.

"மாயா, பிரேக் எல்லாம் பாத்துடு. உன்னோடதும் சேத்து" என்றார் பிராங்கிளின்.

அவள் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வந்திருந்தவர்களில் ஒருவரான ரகுபதி, வேளச்சேரிக்காரர், டீ டம்ளரோடு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். வரிசை முடிந்து தன் சைக்கிள் பக்கம் திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இந்தா, கக்கூசு எங்க கீதுன்னு யாரக் கேக்கிறது இங்க?"

மாயாவுக்குக் காது சூடானது. "அந்தப் பக்கமா போனா இருக்குங்க மாமா" என்றாள்.

"இருக்குங்களா? வூட்ல 'கீது', மலைக்கு வந்தா 'இருக்குங்க'வா? எங்க கத்துகினு வந்த இத?"

ரகுபதி சிரித்துவிட்டார். மாயா மாமனாரை நாலடி தள்ளிக் கூட்டிப்போய் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "இன்னிக்கு ஒரு நாள் வாய மூடிகினு இருங்க மாமா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க."

"என் வாய மூட நீ யாரு? நீ போட்ட சோத்துலயா நான் வளந்தேன்?"

"நைனா, உடு நைனா" என்று நடுவில் வந்தான் பகலவன்.

"நீ சொம்மா இரு" என்றார் அப்பா. "நீ பேசாத" என்றாள் மனைவி. அதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

"எல்லாம் ஓகேவா? பாத்துட்டியா?" என்று பிராங்கிளின் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"பாத்துட்டேன் சார்" என்றாள் மாயா. தன் சைக்கிளை அவள் பார்க்கவில்லை. தினமும் ஓட்டுகிற வண்டிதானே என்கிற நினைப்பும், உடம்பெல்லாம் ஏறி நின்ற கோபமும் சேர்ந்து அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தன.

முதலில் நடை. சாமைக் கொல்லைகளுக்கு நடுவே போகிற மண் பாதையில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, அதே பாதையில் சைக்கிளில் போவது திட்டம். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத, பழகாதவர்களும் ஓட்டக்கூடிய வழி. ஆனால் பாதை தொடங்குகிற இடத்திலேயே ஒருவர் முள் கிளையைக் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரர், சின்னப்பையன். பெயர்தான் அப்படி, தலை முழுக்க நரை.

"வழி இல்ல. திரும்பிப் போங்க" என்றார்.

"அண்ணே, போன மாசம் சார் வந்து உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே..." என்றாள் மாயா.

"கேட்டாரு. உட்டேன். போன வாரம் எவனோ நாலு பேரு சைக்கிளோட சாமைல ஏறி மிதிச்சிட்டுப் போட்டோ புடிச்சிட்டுப் போனான். நட்டவனுக்குத்தான் வயிறு எரியும்."

மாயா அவரோடு சேர்ந்து மிதிபட்ட இடத்தைப் போய்ப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டாள். எல்லோரும் வரப்போரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போவோம், கொல்லை தாண்டித்தான் ஏறுவோம் என்றாள். சின்னப்பையனின் கை முள் கிளையைத் தூக்கப் போனது. கொஞ்சம் பொறுத்திருந்தால் வழி திறந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ரகுபதியின் வாய் சும்மா இருக்கவில்லை. அசோகனைப் பார்த்து, "சார், நீங்க பேசுங்களேன், உங்க 'இன்னாபா' ஸ்டைல்ல. அப்படியே சினிமால வர்ற மாதிரி இருக்கு. அவர் பயந்து வழி விட்டுடுவார்" என்று சொல்லிவிட்டு செல்போனை வேறு நீட்டினார்.

அசோகனின் கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னாய்யா சினிமா? நான் இன்னா கோமாளியா உனுக்கு? உன் வூட்ல ஏசி போட்டுகினு படுக்கிறியே, அந்தக் கரண்டுக்குக் கரி எரிக்கச் சொல்ல எவன் வூட்டுத் துணில சாம்பல் வுழுதுன்னு தெரியுமா? எங்க ஊருக்கு வந்து ஒரு நாள் குந்திப் பாரு. அப்பால சிரி!"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நியாயத்தோடு நிறுத்திக்கொள்கிற பழக்கம் அவருக்கு எப்போது இருந்தது? "போன கீழ போடு, கஸ்மாலம்" என்று கையைத் தட்டிவிட்டார். போன் சாமைக்குள் விழுந்தது. அதை எடுக்க ரகுபதி உள்ளே பாய்ந்தார்.

"இன்னும் மிதிங்கடா!" என்று அலறினார் சின்னப்பையன். "அடிச்சிக்கறதுக்கு என் கொல்லைதான் கெடச்சுதா?"

"பெரிய கொல்லை! எங்க ஹார்பர்ல ஒரு கப்பல் நிக்கிற எடம் வருமா இது?"

அவ்வளவுதான். சின்னப்பையன் இன்னொரு முள் கிளையையும் இழுத்துப் போட்டார். மாயா எவ்வளவோ கேட்டும் அவர் கிளையை விலக்கவில்லை. மாயாவுக்கு அழுகை முட்டியது. கொல்லைக்காக இல்லை. கைக்கெட்டியதை இந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் வாய்க்கெட்டாமல் செய்கிறாரே என்றுதான்.

"உங்க மாமனார வீட்டு வாசல்ல உக்கார வைங்க" என்றார் பிராங்கிளின் மரியாதை குறையாமல். அந்த மரியாதைதான் அவளுக்கு வலித்தது.

எல்லோரும் சைக்கிள்கள் நிற்கிற வாசலுக்குத் திரும்பினார்கள். மண் பாதை இல்லையென்றால் மிச்சம் இருப்பது தார் ரோடு. மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற, செங்குத்தான ரோடு. "மெதுவா போகலாம். நான் முன்னாடி போறேன், என் பின்னாடியே வாங்க. யாரும் என்னத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு மாயா ஏறினாள்.

ஊரைத் தாண்டும் வரை சமதளம். பிரேக்குக்கு வேலை இல்லை. ஊர் முடிந்ததும் ரோடு சடாரென்று கீழே இறங்கியது. முதல் வளைவு வந்தது. மாயா பிரேக்கைப் பிடித்தாள். கைப்பிடி உள்ளே போனது, வண்டி நிற்கவில்லை. இன்னொரு பிரேக்கையும் சேர்த்து அழுத்தினாள். பிரேக் கட்டை ரிம்மில் வழுக்கிக்கொண்டு போனது. சைக்கிள் வேகம் பிடித்தது.

இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் மலை.

"நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே வண்டியை மலைப் பக்கம் ஒடித்தாள். மண் மேட்டில் மோதி, சைக்கிள் ஒரு பக்கம் விழ, அவள் இன்னொரு பக்கம் புதரில் போய் விழுந்தாள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவர்கள் பிரேக் பிடித்தது. அவளுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது.

வேனில் பின்னால் வந்துகொண்டிருந்த பிராங்கிளின் ஓடிவந்து அவளைத் தூக்கினார். பிறகு சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, ரிம்மில் விரலை வைத்து இழுத்தார். விரல் பளபளத்தது.

"எண்ணெய்" என்றார். "ரெண்டு சக்கரத்துலயும். யாரு இப்படி ரிம்முல பூசினது?"

யார் என்று மாயாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. எர்ணாவூர் உப்புக் காற்றில் இரும்பு என்று எது இருந்தாலும் துரு ஏறிவிடும். அதற்காகவே அசோகன் பழைய பனியன் துணியும் எண்ணெய் டப்பாவும் வைத்திருக்கிறார். கேட் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, மகிழினியின் ஸ்கூட்டர் ஸ்டாண்டு, எதையும் விட்டுவைக்கமாட்டார். ஆனால் மாயாவின் சைக்கிளை மட்டும் அவர் இதுவரை தொட்டதே இல்லை.

எல்லோரும் வேனில் ஏறித் திரும்பினார்கள். தங்கும் வீட்டு வாசலில் அசோகன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். மாயாவின் கையிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்து எழுந்தார்.

"இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா?" மாயாவின் நல்ல தமிழெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "என்னக் கொல்லப் பாத்தீங்களா மாமா? புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லலாம்ல? ரிம்முல எண்ணெயத் தேச்சு பள்ளத்துல தள்ளணுமா?"

அசோகன் சைக்கிளைப் பார்த்தார். ரிம்மைப் பார்த்தார். பிரேக் கட்டையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை எல்லோரும் கவனித்தார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நமக்குத் தெரிந்தால் போதும்.

நடந்தது இதுதான். கிளம்புகிற அன்று சாயங்காலம், மாடிப்படிக்கு அடியில் அந்தச் சைக்கிள் நின்றது. ஸ்போக்கில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. அவருக்குக் கோபம் ஓட்டுகிறவள் மேல்தான், சைக்கிள் மேல் இல்லை. துருவைப் பார்த்துவிட்டுக் கை சும்மா இருக்கவில்லை. டப்பாவை எடுத்துவந்து, யாரும் பார்க்காத நேரத்தில், அச்சு முதல் ரிம் வரை ஒரு இடம் விடாமல் துடைத்து வைத்தார். அவருடைய பழைய சைக்கிளையும் அவர் அப்படித்தான் துடைப்பார். எர்ணாவூர் மேம்பாலத்தைத் தவிர அந்தப் பக்கம் இறக்கம் ஏது? வண்டி நிற்காவிட்டால் காலைத் தரையில் தேய்த்தால் நின்றுவிடும். இது மலைக்குப் போகிற வண்டி என்பது அவர் கைக்கு உறைக்கவே இல்லை.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதை யானை ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

"கொஞ்சம் இருங்க" என்றார் பிராங்கிளின். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இத எப்போ போட்டது? ஊர்லயே போட்டதுன்னா, காலைல மாயா பிரேக்கப் புடிச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். அவ பாக்கலன்னு அர்த்தம். பாக்காமலே பாத்துட்டேன்னு சொல்ற ஆள நம்பி நான் பத்து உசுர அனுப்ப முடியாது. இல்ல, அவ பாத்ததுக்கப்புறம் இங்க வெச்சு யாராவது போட்டாங்கன்னா அவ மேல தப்பில்ல."

மாயா வாயைத் திறக்கவில்லை. பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் திங்கட்கிழமை அந்த ஷெட்.

"சொல்லு நைனா" என்றான் பகலவன்.

அசோகன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ரகுபதி கையைக் கட்டிக்கொண்டு ஆவலாக நின்றிருந்தார்.

"இங்கதான்" என்றார் அசோகன். "காலைல, அவ பிரேக்கு பாத்தப்புறம், நீங்கல்லாம் நடக்கக் கெளம்பிகினு இருந்தப்போ. நான்தான் பூசினேன். வேணும்னேதான் பூசினேன். இப்போ இன்னான்ற?"

பகலவன் யார் மேலும் கை நீட்டாதவன். அவன் அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். பிடித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் உதறினான். "நீ எனக்கு அப்பனே இல்ல" என்று அழுதுகொண்டே சொன்னான். சொல்லிவிட்டு, ஊருக்கு வெளியே சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

"நல்லவேளை, எங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றார் ரகுபதி. "அந்த நேரத்துலயும் அந்தப் பொண்ணு எங்கள நிறுத்திச்சு பாருங்க."

பிராங்கிளின் தலையாட்டினார். "வேலை உனக்குத்தான் மாயா. ஆனா இவரு இனிமே என் வேன்ல ஏறக் கூடாது."

அசோகன் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறக்கத்தில் நடக்கத் தொடங்கினார். யாரும் தடுக்கவில்லை.

ஆசைப்பட்டது கிடைத்த அன்று மனசு குதிக்கும் என்பார்கள். மாயாவுக்குக் குதிக்கவில்லை. கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரும் அடுப்புச் சாம்பலும் வாங்கிவந்து ரிம்மைத் தேய்க்க உட்கார்ந்தாள். துணியை வைத்து ஒரு இழு இழுத்தாள். எண்ணெயோடு பூச்சிகளும் வந்தன. குட்டிக் குட்டி இறக்கைப் பூச்சிகள், எண்ணெயில் ஒட்டிச் செத்துக் காய்ந்தவை. ஸ்போக் முழுக்க, ரிம் முழுக்க. இதெல்லாம் ஓடுகிற வேன் கூரையில், வழியெல்லாம் வந்து ஒட்டியவை.

வேனில் ஏற்றுவதற்கு முன்பே எண்ணெய் இருந்திருக்கிறது. இங்கே யாரும் பூசவில்லை.

மாயா துணியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மளமளவென்று தேய்த்துக் கழுவி, பிரேக்கை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தாள். பிடித்தது. யாரிடமும் சொல்லாமல் ஏறிக் கீழே இறங்கினாள்.

மூன்றாவது வளைவு தாண்டி, ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அசோகன் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சைக்கிளை அவர் முன்னால் நிறுத்தி இறங்கினாள்.

"ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

"இன்னா பொய்?"

"வூட்லயே போட்டதுதான். பூச்சி ஒட்டிகினு கீது. எனக்காகவா சொன்னீங்க?"

அசோகன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஈரம் இல்லை. "உனக்காகவா? ஆசையப் பாரு. கிரேனுக்கு எண்ணெய் போடும்போது மொதல்ல இன்னா பண்ணுவோம் தெரியுமா? பிரேக்கு டிரம்மத் துணி போட்டு மூடுவோம். புச்சா வேலைக்கு வர்றவனுக்கு அதான் மொதப் பாடம். எத்தினி பேருக்கு நானே மண்டைல தட்டி சொல்லிக் குடுத்துகீறேன். அந்த அசோகன் போய் பிரேக்குல எண்ணெயப் பூசிட்டான்னு, அந்த சிரிக்கிற நாயி ஊரெல்லாம் சொல்றதா? கொலகாரன்னு சொல்லட்டும். வேல தெரியாதவன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"அதுக்கா?"

"அதுக்குத்தான். உன்ன எனக்குப் புடிக்கல. நேத்தும் புடிக்கல, இன்னிக்கும் புடிக்கல."

"எனக்கும் உங்கள புடிக்கல மாமா."

"அப்போ சரி."

"அப்போ ஏன் என் சைக்கிளத் தொட்டீங்க?"

"சைக்கிள் இன்னா பாவம் பண்ணுச்சு? துரு ஏறிகினு கீது. பாத்துகினு சொம்மா போவ சொல்றியா?"

மாயா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் போய் சார்கிட்ட சொல்லிடறேன். நான் பிரேக்கு பாக்கலன்னு சொல்லிடறேன்."

"சொன்னா உன் வேலையும் பூடும், என் மானமும் பூடும். எவனுக்கு லாபம்? யாரு கேட்டாலும் நான் சொன்னதையே சொல்லு. போ."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. பாலத்தில் சிக்னல் இருந்திருக்கிறது. மகிழினி. அசோகன் முகம் தானாக இளகியது. ஸ்பீக்கரைப் போட்டார். அவருக்கு எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"நைனா..." அழுகைக் குரல். "அண்ணன் குரூப்ல வாய்ஸ் போட்டுகீறான். பெரியம்மா, சித்தப்பா, எல்லாரும் கேட்டுட்டு எனக்குப் போன் மேல போன் போடறாங்க. நீ அண்ணியக் கொல்லப் பாத்தியாமே. மெய்யாலுமா நைனா?"

பிராங்கிளினிடம் அசோகனுக்குச் சுலபமாக வந்த பொய், மகளிடம் வரவில்லை.

"நைனா, பேசு நைனா. நீ சொன்னாத்தான் நான் நம்புவேன்."

அவர் போனை மாயாவிடம் நீட்டினார். இரண்டு வருஷத்தில் அவர் கையிலிருந்து அவள் வாங்கிய முதல் பொருள் அது.

பின்னால் ஹாரன் கேட்டது. சாப்பாட்டுக்குக் கீழே இறங்குகிற வேன், பாலத்தருகே வந்து நின்றது. ஜன்னலில் ரகுபதியின் தலை. பிராங்கிளின் கதவைத் திறந்து இறங்கி, "மாயா, ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணி, நீயா? நீ சொல்லு அண்ணி. மெய்யாலுமா?"

மாயா போனைப் பார்த்தாள். பிராங்கிளினைப் பார்த்தாள். மாமனாரைப் பார்க்கவில்லை.

"ஆமா மகிழினி" என்றாள். "மெய்தான்."

அதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தார் அசோகன். ஆனால் இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று அவர் உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்தார். அப்படிக் காத்திருந்ததே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

போனில் அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, அவருக்கென்று எப்போதும் குழைகிற அந்தக் குரல், கட்டை மாதிரி வந்தது.

"அவர இங்க வர வேணாம்னு சொல்லிடு அண்ணி. வந்தா நான் கதவத் தொறக்க மாட்டேன்."